பழைய சென்ட்டுக்கு இருபது நிமிடம் கொடுங்கள்

பீரோவில் வருஷக்கணக்கில் கிடந்த சென்ட் பாட்டிலைத் திறந்து, ஒரே ஒரு முறை முகர்ந்துவிட்டு, "கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். பழமும் பூவுமாகக் கமழும் அந்தக் காலத்து சென்ட்களில் பெரும்பாலும் முதலில் எழும் வாசனை மட்டும்தான் கெட்டிருக்கும், அசல் சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கும், துணியில் தொட்டு வைத்த பிறகு அது வெளியே வர இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இப்படிப்பட்ட பாட்டில்கள் நிறைய வீடுகளில் இருக்கும். கப்பலில் போனவர் கொண்டு வந்தது, துபாய்க்காரர் கொடுத்தது, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. கல்யாணம் காட்சிக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு மீதியைப் பட்டுப்புடவைக்கு நடுவே வைத்துவிடுவார்கள். எங்கள் பெரியம்மாவிடம் இருப்பது டியோர் என்ற பிரெஞ்சு கம்பெனியின் பாய்சன். 1985-இல் வெளிவந்தது, உருவாக்கியவர் எட்வார்ட் ஃப்ளெஷியே. கத்தரிப்பூ நிறத்தில் உருண்டைக் கண்ணாடி பாட்டில். உள்ளே சம்பங்கி, பிளம் பழம், கொத்தமல்லி விதை, தேன், வனிலா என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

இந்தக் கூட்டம் தோலில் பட்டதும் ஒரே நேரத்தில் ஆவியாவதில்லை. சின்ன மூலக்கூறுகள் முதலில் ஓடிவிடும். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனின் அந்த ரகம், அதன் மூலக்கூறு எடை 136. பீச் பழ வாசனை தரும் காமா அண்டெகலாக்டோன் 184, அது நிதானமாகத்தான் கிளம்பும். கஸ்தூரிக்குப் பதிலாக உலகமெங்கும் சேர்க்கும் கேலக்ஸோலைடு 258, அது மறுநாள்கூடத் துணியை விட்டுப் போகாது. எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்காது, மூலக்கூறின் அமைப்புக்கும் பங்கு உண்டு, ஆனாலும் மேலோட்டமாகக் கணக்கு இதுதான்.

பழைய பாட்டிலில் நடப்பதைப் பாருங்கள். பாட்டில் பாதி காலியானால் அந்த இடத்தில் காற்று நிற்கிறது, அதில் ஆக்சிஜன் இருக்கிறது. லிமோனினில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் ஆக்சிஜன் அதைச் சுலபமாகத் தாக்கும், தாக்கினால் ஆரஞ்சு வாசம் போய் டர்பன்டைன் வாடை வரும். ஆல்டிஹைடு என்ற வகை வாசனைப் பொருள்களில் சில அமிலமாக மாறிப் புளிப்பு தட்டும். ஆனால் கெட்டுப் போவதில் முந்துகிற பல சரக்குகள் பறந்து போவதிலும் முந்துகின்றன. பீச் வாசனை தரும் லாக்டோன், கஸ்தூரி வகை எல்லாம் அவ்வளவு லேசில் மாறாதவை, மெதுவாக ஆவியாகிறவையும் அவைதான். அதனால்தான் இருபது நிமிடம் பொறுக்கச் சொல்கிறேன். மண்ணடி அத்தர் கடைகளுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த விஷயம், புறங்கையில் தடவிவிட்டு "இப்ப மோந்து பாக்காதீங்க தம்பி, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்பார்கள்.

நிறம் கருத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். வனிலாவுக்கு வாசனை தரும் வனிலின் நாளாக ஆகப் பழுப்பாகும். மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து ஷிஃப் பேஸ் எனப்படும் ஆரஞ்சு நிறச் சேர்மத்தை உண்டாக்கும், அதற்கு நல்ல கனமான பூ வாசனை உண்டு, வாசனை நிபுணர்கள் அதை வேண்டுமென்றே தயாரித்துச் சேர்ப்பதும் வழக்கம். பாட்டிலில் பாச்சா உருண்டை வாடை அடிக்கிறதா? பீரோவில் இருந்து வந்ததாக இருக்கலாம், ஆனால் மல்லிகையிலும் சம்பங்கியிலும் இயற்கையாகவே இருக்கும் இண்டோலுக்கும் கிட்டத்தட்ட அதே வாடைதான். அது இல்லாவிட்டால் மல்லிகை வாசம் சோப்பு வாசமாகிவிடும்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பழத்தையும் பூவையும் யாரோ இரண்டாகப் பிரித்து வைத்து, அப்புறம் சென்ட்டில் கலந்தார்கள் என்று நினைக்கிறோம். இயற்கை அப்படிப் பிரிக்கவே இல்லை. மேலே சொன்ன மெத்தில் ஆந்த்ரனிலேட்தான் திராட்சை மிட்டாய் வாசனை, அதுவே குண்டுமல்லியிலும் இருக்கிறது. சாயங்காலம் ஒரு முழம் குண்டுமல்லி வாங்கி வையுங்கள், மொட்டாக இருக்கும்போது பச்சை வாசம்தான் வரும், ராத்திரி நன்றாக விரிந்த பிறகு கண்ணை மூடி முகர்ந்தால் திராட்சை தெரியும், ஒரு முறை தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த மல்லிகைச் சரத்திலும் அதைத் தவறவிட மாட்டீர்கள். மாலைக்குக் கட்டும் சம்பங்கியில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, கோடாலித் தைலத்தில் வருகிற அதே பொருள். பெரியம்மாவின் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஜில்லென்று ஏறுகிற அந்தத் தைல வாசம் சம்பங்கியின் குணம், கெட்டதன் அடையாளம் இல்லை.

ரோஜாவில் டமாசினோன் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. ரோஜா எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே, ஆனால் தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். திராட்சையிலும் ஆப்பிளிலும் அதே பொருள் உண்டு. அதன் உறவான டமாஸ்கோன்களைத் தாராளமாகப் போட்டதால்தான் 80-களின் சென்ட்களில் அந்தக் காய்ச்சிய பழக்கூழ் வாசம். இன்னும் பின்னால் போனால், 1919-இல் பிரெஞ்சு வாசனை நிபுணர் ஜாக் கெர்லேன் தன் மித்சுகோ என்ற சென்ட்டில் அண்டெகலாக்டோனைச் சேர்த்து, பீச் பழத்திலிருந்து ஒரு சொட்டுகூட எடுக்காமல் பீச் பழத்தைக் கொண்டுவந்துவிட்டார். நூறு வருஷம் கழித்தும் அது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

சரி, நம் ஊர் வெயிலில் இதை எப்படிப் போட்டுக்கொள்வது? வெப்பம் ஏறினால் ஆவியாகும் வேகமும் ஏறும், பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்த சென்ட்களோ கனமானவை, ஐரோப்பியக் குளிருக்காகச் செய்தவை. மே மாத மத்தியானம் கழுத்தில் நாலு முறை அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி நிச்சயம். உங்களுக்கு மட்டும் அது தெரியாது, ஏனென்றால் ஒரே வாசனை தொடர்ந்து பட்டால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். "வாசனையே வரலியே" என்று மறுபடி அடிப்பது அதனால்தான். கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு, சாயங்காலமாக, ஒரே ஒரு முறை போதும்.

தோலைவிடத் துணி நல்லது. உடம்பைவிடத் துணியில் சூடு குறைவு என்பதால் வாசனை மெதுவாக, அழகாக விரியும். கருத்த சென்ட் கறை பிடிக்கும் என்பதால் பருத்திப் புடவையின் உள்மடிப்பில் தொட்டு வையுங்கள், பட்டில் வேண்டவே வேண்டாம். தோலைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: லிமோனினும், லாவெண்டர் போன்ற பூக்களில் இருக்கும் லினலூலும் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் பெராக்சைடுகள் தோலில் அலர்ஜி வரவைக்கும். தோலில் போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரித்தால் அந்தப் பாட்டில் துணிக்கு மட்டும்தான்.

அதே பெயரில் இன்று கடையில் வாங்கினால் அதே வாசனை கிடைக்குமா? பல சென்ட்களுக்குக் கிடைக்காது. பழைய சென்ட்கள் பலவற்றில் சேர்த்த, ஓக் மரத்தில் படரும் ஓக் பாசியில் இருக்கும் அட்ரனால், குளோரோ அட்ரனால் இரண்டையும் அலர்ஜி காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது, லில்லி வாசனை தரும் லிலியாலுக்கு 2022-இல் தடை வந்தது, டமாஸ்கோன்களுக்கும் வாசனைத் தொழில் அமைப்பான இஃப்ரா அளவு வைத்திருக்கிறது. மக்களின் உடல்நலத்தைக் காக்கிற விதிகள், சரியானவைதான், ஆனால் பழைய கலவை இனி பழைய பாட்டிலில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே ஜன்னல் பக்கம், டிரெஸ்ஸிங் டேபிள் மேல், ஃப்ரிட்ஜ் தலையில் எல்லாம் அதை வைக்காதீர்கள், வெளிச்சமும் சூடும்தான் அதற்கு எமன். பீரோவின் கீழ்த்தட்டு சரியான இடம், பாச்சா உருண்டையை மட்டும் வேறு தட்டுக்கு மாற்றுங்கள். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை ஊற்றி, இறுக மூடி, நிமிர்த்தி வையுங்கள்.