எதிர்பார்த்தது யார்? எக்ஸ்ஜிக்குத் தமிழில் ஒரு சொல்

"எதிர்பார்க்கப்பட்ட இலக்குகளை அணி எட்டவில்லை." கால்பந்துப் பருவம் முடிந்ததும் வரும் அலசல்களில் இந்த வாக்கியத்தை, இதே உருவிலோ சற்று மாறிய உருவிலோ, திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? பருவத் தொடக்கத்தில் நிர்வாகம் ஏதோ இலக்கு வைத்தது, முதல் நான்கு இடம் என்றோ இத்தனை புள்ளி என்றோ. அணி அதை எட்டாமல் கோட்டை விட்டுவிட்டது என்றுதானே? எழுதியவர் சொல்ல வந்தது அது இல்லை. அணிக்குக் கிடைத்த வாய்ப்புகளின் தரத்தைப் பார்த்தால் இன்னும் நிறைய கோல் விழுந்திருக்கலாம், விழவில்லை என்பதே அவர் சொல்ல வந்தது. வாசகருக்குப் போய்ச் சேர்வது அணியின் மேல் ஒரு குறை. எழுதியவர் மனத்தில் இருந்ததோ அணிக்குச் சாதகமான ஒரு வாதம். பொருள் தலைகீழாகிவிட்டது.

ஆட்ட ஒளிபரப்பில் திரையின் ஓரத்தில் எக்ஸ்ஜி (ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்பதன் சுருக்கம்) என்று வருகிற எண்ணைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். கொஞ்சம் கவனமாக எழுதுகிறவர்கள் இலக்கை விட்டுவிட்டு 'எதிர்பார்க்கப்பட்ட கோல்கள்' என்கிறார்கள். அதுவும் சரியில்லை என்பதே என் கட்சி.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். கோல் நோக்கி அடிக்கப்படும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு தரப்படுகிறது. அதே மாதிரியான இடத்திலிருந்து, அதே மாதிரியான சூழலில் முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்களில் எத்தனை கோலானது என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கோல் எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா, பந்து எப்படி வந்து சேர்ந்தது என்பவை எல்லாம் கணக்கில் வரும். சில கணிப்பு முறைகள் தடுப்பாட்டக்காரர்களும் கோல்காப்பாளரும் நின்ற இடத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. பெனால்டிக்கு ஏறக்குறைய 0.76 முதல் 0.79 வரை வரும். முறைக்கு முறை சற்று மாறும். பெனால்டி பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து அடித்துப் பார்க்கிற ஷாட் பெரும்பாலும் 0.05ஐத் தாண்டாது. ஓர் அணியின் ஷாட்கள் எல்லாவற்றுக்கும் இப்படி வந்த மதிப்புகளைக் கூட்டினால் அந்த ஆட்டத்துக்கான எண். 38 ஆட்டங்களுக்கும் கூட்டினால் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பருவத்துக்கான எண்.

ஓர் ஆட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதல் அணி மூன்றே ஷாட் அடிக்கிறது: ஒரு பெனால்டி 0.76, கோலுக்கு மிக அருகில் ஒன்று 0.40, இன்னொன்று 0.30. கூட்டினால் 1.46. எதிரணி பதினைந்து ஷாட் அடிக்கிறது, எல்லாமே தூரத்திலிருந்து, ஒவ்வொன்றும் 0.04. கூட்டினால் 0.60. ஷாட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாவது அணிதான் ஆட்டத்தை ஆண்டது போலத் தெரியும். இந்த எண் அந்தத் தோற்றத்தைத் திருத்துகிறது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் அணியின் மூன்று ஷாட்டும் வீணாகப் போவதற்கான நிகழ்தகவு 0.24 × 0.60 × 0.70, அதாவது பத்தில் ஒன்று. 0.04 வீதம் பதினைந்து முறை அடித்த அணிக்கு ஒரு கோலாவது விழ 46 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆக, 1.46 எடுத்த அணி 0–1 என்று தோற்பது அதிசயம் இல்லை. ஒரே ஆட்டத்தில் இந்த எண் முடிவைச் சொல்லாது. பருவம் முழுவதும் கூட்டிப் பார்க்கும்போதுதான் அதற்கு எடை வருகிறது.

இனி வரலாறு. ஷாட்களை எண்ணும் பழக்கம் பழையது. சார்லஸ் ரீப் என்ற ஆங்கிலேயக் கணக்கர் 1950இல் ஆட்டங்களைக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். 1968இல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் என்ற விகிதம் பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டினார். ஆனால் எல்லா ஷாட்டும் அவருக்கு ஒன்றுதான். ஷாட்டுக்கு ஷாட் மதிப்பு வேறுபடுத்தும் இன்றைய கணக்கு 2012 வாக்கில் ஆப்டா என்ற விளையாட்டுத் தரவு நிறுவனத்தின் சாம் கிரீன் எழுதியதிலிருந்து பரவலானது. 2017இல் பிபிசி தன் ஆட்டத் தொகுப்புகளில் காட்டத் தொடங்கியபின் பொது ரசிகரிடமும் வந்து சேர்ந்தது.

பெயரில் வரும் 'எதிர்பார்' என்ற கருத்து கால்பந்தில் பிறந்ததில்லை, கணிதத்திலிருந்து இரவல் வாங்கியது. டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சூதாட்டக் கணக்குகளைப் பற்றி எழுதிய சிறு நூல் 1657இல் லத்தீனில் வெளிவந்தது. அதை டச்சிலிருந்து லத்தீனுக்குப் பெயர்த்தவர் அவருடைய ஆசிரியர் பிரான்ஸ் வான் ஸ்கூட்டன். 'எக்ஸ்பெக்டாசியோ' என்ற லத்தீன் சொல் அந்த மொழிபெயர்ப்பில் வந்ததுதான். ஹைகன்ஸ் டச்சில் எழுதிய சொல் 'கான்ஸ்'. அதற்கு நேர்ப்பொருள் வாய்ப்பு. இந்த வாய்ப்பு எனக்கு எவ்வளவு பெறும், இதை விற்றால் என்ன விலை கேட்கலாம் என்றுதான் அவர் கணக்குப் போடுகிறார். லத்தீனுக்குப் போன சொல் அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், நம் பள்ளிக் கணிதப் பாடநூலுக்கும் 'எதிர்பார்' என்ற வேரோடு வந்து சேர்ந்தது. பாடநூலில் அது கலைச்சொல்; வரையறையோடு சேர்ந்தே வருகிறது, யாரும் குழம்ப மாட்டார்கள். ஆட்ட அலசலில் வரையறை கூட வராது. அங்கே சொல் தன் வழக்குப் பொருளில்தான் வாசகரிடம் பேசும்.

தமிழ் வழக்கில் எதிர்பார்ப்பு என்றால் என்ன? ஒருவர் மனத்தில் இருப்பது. எதிர்பார்க்க ஓர் ஆள் வேண்டும். 'ரசிகர்களின் எதிர்பார்ப்பு பொய்த்தது', 'பெரிய எதிர்பார்ப்போடு களமிறங்கினார்', 'எதிர்பாராத தோல்வி'. எல்லாவற்றிலும் ஆசையோ நம்பிக்கையோ அச்சமோ கலந்திருக்கிறது. விளையாட்டு எழுத்தில் இந்தச் சொல் ஏற்கெனவே இந்த வேலையை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. அதே சொல்லைத் தூக்கி ஷாட்களின் சராசரிக்கும் பெயராக வைத்தால் இரண்டும் மோதாமல் என்ன செய்யும்? 'எதிர்பார்க்கப்பட்ட கோல்களைவிடக் குறைவாக அடித்த முன்கள வீரர்' என்று எழுதினால், ரசிகர்கள் நம்பிய அளவுக்கு அவர் ஆடவில்லை என்றுதான் தமிழ் வாசகர் படிப்பார். அப்படிப் படிப்பது அவர் பிழை இல்லை.

'பட்ட' என்பதையும் விட முடியாது. எதிர்பார்க்கப்பட்டது என்றால் ஆட்டத்துக்கு முன்னாலேயே யாரோ எதிர்பார்த்தார்கள் என்றாகிறது. இந்த எண்ணோ ஷாட் அடித்த பிறகு கணக்கிடப்படுவது. ஆட்டத்துக்கு முன்னால் அப்படி ஓர் எண்ணே இல்லை. செய்தவரைச் சொல்லாமல் செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்வது மொழிபெயர்ப்பில் பழகிப்போன சோம்பல். 'கூறப்படுகிறது', 'கருதப்படுகிறது', 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதி எழுதி, யார் கூறினார், யார் கருதினார் என்று கேட்கும் பழக்கமே நமக்குப் போய்விட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தப் பெயர் முதல் நாளே விழுந்திருக்கும்.

'இலக்கு' விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கோல் என்பது பிறமொழிச் சொல், அதைத் தமிழாக்கியே தீர வேண்டும் என்ற ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் இலக்கு என்பது குறி. கோலை நோக்கிச் சரியாகப் போன ஷாட்டை 'இலக்கை நோக்கிய ஷாட்' என்று ஏற்கெனவே சொல்லி வருகிறோம். நிர்வாகம் வைப்பதும் இலக்குதான். குறியும் இலக்கு, அடைந்த பலனும் இலக்கு என்றால் 'இலக்கை நோக்கிய ஷாட் ஆறு, இலக்கு ஒன்று' என்று எழுத வேண்டிவரும். கோல் என்ற சொல் 'கோல் அடித்தார்', 'கோல் வாங்கினார்கள்', 'கோல்கம்பம்' என்று தமிழ் வினைகளோடும் பெயர்களோடும் முழுக்கச் சேர்ந்துவிட்டது. ஊன்றுகோலும் எழுதுகோலும் நம்மிடம் இருப்பதால் கால்பந்துச் செய்தியில் யாரும் தடுமாறியதில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.

சரி, வேறு என்ன சொல் வைக்கலாம்? 'கோல் நிகழ்தகவு' என்பது ஒரு ஷாட்டுக்கு மிகச் சரி. ஆனால் நிகழ்தகவு 1ஐத் தாண்டாது. ஆட்டத்தின் கூட்டுத்தொகை 2.4 என்று வரும்போது அதை நிகழ்தகவு என்று எழுதினால் கணிதம் படித்தவர் மூடிவைத்துவிடுவார். 'சாத்தியக் கோல்' என்பதை வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. எல்லா ஷாட்டுமே கோலாவது சாத்தியம்தான், அப்படிப் பார்த்தால் பதினைந்து ஷாட்டுக்குப் பதினைந்து சாத்தியக் கோல் என்றாகிவிடும். 'தகு கோல்' காதுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் தகுதி என்ற நியாயம் உள்ளே நுழைந்துவிடுகிறது, இந்த அணிக்கு இத்தனை கோல் நியாயமாக வரவேண்டியது என்று. அந்தத் தீர்ப்பை இந்த எண் சொல்லவில்லை. முன்னிலை பெற்ற அணி வேண்டுமென்றே பின்வாங்கிக் காப்பாட்டம் ஆடினால் அதன் எண் குறையும். அதனால் வெற்றிக்குத் தகுதி குறைந்துவிடாது. 'எதிர்வு' என்ற பழைய சொல்லை எடுத்து 'எதிர்வுக் கோல்' என்று வைக்கலாம் என்று தோன்றும். பழைய இலக்கணத்தில் எதிர்வு என்பது வருங்காலம். இங்கே பேசுவது நடந்து முடிந்த ஷாட்களை. 'உதை மதிப்பு' என்றால் தலையால் முட்டியது வெளியே நிற்கும்.

நான் எழுதுவது 'வாய்ப்பு மதிப்பு'. முதல் முறை வரும்போது 'கோல்வாய்ப்பு மதிப்பு' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். வாய்த்தல் என்றால் கைகூடுதல், அமைதல். 'அருமையான வாய்ப்பை வீணடித்தார்' என்று வருணனையாளர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்லும் அதே வாய்ப்புதான் இது. புதிதாகப் பழக எதுவும் இல்லை. ஒற்றை ஷாட்டுக்கும் பொருந்தும், கூட்டுத்தொகைக்கும் பொருந்தும், ஏனென்றால் மதிப்பைக் கூட்டலாம். யாருடைய மனத்தையும் உள்ளே இழுக்காது. ஹைகன்ஸ் கேட்டதும் வாய்ப்பு எவ்வளவு பெறும் என்பதைத்தான்; மூன்றரை நூற்றாண்டு முன்பு லத்தீனில் தொலைந்ததைத் தமிழில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. கோல் முன் உருண்டு போன பந்துக்கு ஒருவர் கால் நீட்டி, ஒரு விரற்கடையில் தவறவிட்டால் அதையும் பேச்சில் வாய்ப்பு என்கிறோம். ஷாட் ஆகாததால் அது வழக்கமான கணக்கில் வராது. இந்த ஒரு விஷயத்தை வாசகருக்கு ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பெயரோடு பருவ அலசல் எப்படித் தெளிவாகிறது என்று பாருங்கள். பிரைட்டன் 2020-21 பிரீமியர் லீக்கில் 41 புள்ளியோடு 16ஆவது இடம். அடித்தது 40 கோல், வாங்கியது 46. 'எதிர்பார்க்கப்பட்ட கோல்களை அடிக்கத் தவறிய அணி' என்று எழுதினால் கதை அதோடு முடிந்தது: மோசமான அணி. 'அடித்த 40 கோலைவிட அதன் வாய்ப்பு மதிப்பு கணிசமாக மேலே இருந்தது. எதிரணிகளுக்கு அது கொடுத்த வாய்ப்பு மதிப்போ வாங்கிய 46ஐவிடக் கீழே' என்று எழுதினால், அட்டவணை காட்டாத ஓர் அணி தெரிகிறது. அடுத்த பருவம் 51 புள்ளி, 9ஆவது இடம். அதற்கடுத்து 62 புள்ளி, 6ஆவது இடம். ஆட்களும் மாறினார்கள், பயிற்சியாளரும் மாறினார், எல்லாவற்றுக்கும் இந்த எண்ணே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 16ஆவது இடத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்றே தெரிந்திருக்காது.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியின் 2014-15 பருவம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பாதிப் பருவம், 17 ஆட்டம் முடிந்தபோது 15 புள்ளியோடு கடைசிக்கு முந்தைய இடம். பருவம் முடிந்தபோது 7ஆவது. அந்தப் பருவத்தின் வாய்ப்புகளை ஆராய்ந்த, அப்போது லிவர்பூல் ஆய்வுப் பிரிவில் இருந்த இயன் கிரகாம், கிடைத்த புள்ளிகளைவிட அணி ஆடிய ஆட்டம் வெகுவாக மேலே இருந்ததைக் கண்டார். டார்ட்மண்டின் பயிற்சியாளராக இருந்த யுர்கன் கிளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தார். இவ்வளவு கனமான கருத்தை 'எதிர்பார்த்த அளவு இல்லை' என்ற தேய்ந்த தொடரோடு குழப்பிவிடும் பெயரை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இது ஒரு சொல்லோடு நிற்கிற நோயும் இல்லை. கோல் வாங்காமல் முடித்த ஆட்டத்துக்குச் 'சுத்தமான தாள்' என்கிறார்கள். பந்து எந்த அணியிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு 'உடைமை விகிதம்'. பந்துவசம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வீரர் நல்ல ஆட்டநிலையில் இருப்பதை 'வடிவத்தில் இருக்கிறார்' என்று எழுதுகிறார்கள். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டம் பார்க்கிறவர் இதை எப்படிச் சொல்வார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் இவற்றில் பாதி காணாமல் போகும்.

எழுதுகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். எக்ஸ்ஜி என்ற சுருக்கத்தை அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் ஒருமுறை சொல்லிவிட்டு வாய்ப்பு மதிப்புக்கு மாறிவிடுங்கள். எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததை 'கொடுத்த வாய்ப்பு மதிப்பு' என்றும், இரண்டுக்கும் உள்ள இடைவெளியை 'வாய்ப்பு மதிப்பு வேறுபாடு' என்றும் எழுதலாம். கோல் வேறுபாடு என்பது ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் இது தானாகப் புரியும். பெனால்டியைச் சேர்த்த எண்ணா, நீக்கிய எண்ணா என்று சொல்லிவிடுங்கள், நிறைய பெனால்டி கிடைத்த அணிக்கு இந்த இரண்டும் வெகுவாக வேறுபடும். இரண்டு அணிகளை ஒப்பிடும்போது எண்களை ஒரே கணிப்பு முறையிலிருந்து எடுங்கள். அப்புறம், '1.46 கோல்கள் எதிர்பார்க்கப்பட்டன' என்று எழுதாதீர்கள். 'வாய்ப்பு மதிப்பு 1.46, அடித்தது ஒன்றுமில்லை' என்று எழுதினால் போதும், ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.