பவுண்டு, கிலோ, பார்: மலையில் அழுத்தம் அளப்போர் கவனத்திற்கு

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய தொழிற்சாலைகளில் பாய்லர் பராமரிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பெயர்த்தகட்டில் அனுமதிக்கப்பட்ட அழுத்தம் 150 பவுண்டு என்று பொறித்திருக்கும். சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு என்று பொருள். பிரஷர் கேஜ் பழுதாகி மாற்றும்போது, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று காட்டும் கேஜ் வந்து சேரும். சதுர அங்குலத்துக்கு 14.22 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஆகவே 150 பவுண்டு என்பது 10.55 கிலோ. 10.5-இல் சிவப்புக் கோடு போடுவார்கள். அதுவரை சரி. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கேஜும் போய், பார் என்ற வேறோர் அழுத்த அலகில் காட்டும் ஒன்று வரும். கிலோவும் பாரும் ஒன்றுதானே என்று அதே 10.5-இல் மறுபடியும் கோடு விழும். ஒரு பார் என்பது 14.5 பவுண்டு. புதிய கோடு காட்டுவது 152 பவுண்டை.

இரண்டு பவுண்டில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. உலோகம் அதற்கெல்லாம் உடனே வெடித்துவிடாது. ஆனால் சேஃப்டி வால்வு 150-இலேயே திறக்கும். கேஜில் முள் இன்னும் கோட்டைத் தொடவில்லை, வால்வோ நீராவியை விடுகிறது. பாய்லர் இயக்குபவர் எதைச் சந்தேகிப்பார்? வால்வைத்தான். ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கிவிடுவார். பாய்லர் அறையில் இதைவிட ஆபத்தான வேலை இல்லை. அந்தக் கை ஸ்பிரிங்கைத் தொடுவதற்குக் காரணம், கேஜ் மாற்றியவர் செய்யாமல் விட்ட ஒரு பெருக்கல்.

முழு எண்ணாக்கும்போதும் திசை முக்கியம். இதற்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக வேண்டும். இதற்குக் கீழே குறையக்கூடாது என்பது மேல்நோக்கி. பதினான்கால் வகுத்தால் போதும் என்று மனக்கணக்குப் போடுபவர் 150 பவுண்டை 10.7 கிலோ ஆக்கிவிடுகிறார். அதுவும் வரம்பு மீறல்தான்.

கணக்கு துல்லியமாக இருந்தும் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. சமவெளியில் அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. மலையில் எண்ணியே ஆகவேண்டும். கேஜின் பூஜ்ஜியம் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 14.7 பவுண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் ஏறக்குறைய 11.2 பவுண்டுதான். கொடைக்கானலில் 11.4 பவுண்டு. முழு அழுத்தம் வேண்டுமானால் கேஜ் காட்டுவதோடு 14.7-ஐக் கூட்டு என்று பாடப்புத்தகத்தில் படித்ததை, இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது ஆட்டோகிளேவ். மருத்துவமனைகளில் கருவிகளையும், காளான் வளர்ப்போர் விதைக்கான தானியத்தையும் அதில்தான் கிருமி நீக்குகிறார்கள். 15 பவுண்டு, 121 டிகிரி செல்சியஸ் என்று இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்போம். அந்த இணை கடல் மட்டத்துக்கு உரியது: 15-உம் 14.7-உம் சேர்ந்த 29.7 பவுண்டு முழு அழுத்தத்தில்தான் நீராவி 121 டிகிரியில் இருக்கும். உதகையில் கேஜ் 15 காட்டும்போது முழு அழுத்தம் 26.2 பவுண்டு, நீராவியின் சூடு 117 டிகிரிதான். கிருமியைக் கொல்வது முள் காட்டும் எண் அல்ல, சூடு. உதகையில் 121 டிகிரி வேண்டுமென்றால் கேஜ் 18.5 பவுண்டு, அதாவது 1.3 கிலோ காட்ட வேண்டும். அந்த அழுத்தத்துக்குப் பாத்திரமும் அதன் வால்வும் அனுமதி பெற்றவைதானா என்று தகட்டைப் பார்த்த பிறகே கூட்டவேண்டும். உள்ளே காற்று தங்கியிருந்தால் இந்தக் கணக்கும் பொய்க்கும். ஆகவே வெப்பமானி இல்லாத ஆட்டோகிளேவை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்குவம் பம்பிலும் இதே கதை. அதன் கேஜ் அழுத்தத்தைப் பாதரச மட்டத்தின் உயரமாக, அங்குலத்தில் காட்டும். கோயம்புத்தூர்ப் பட்டறையில் 28 அங்குலப் பாதரசம் காட்டிய பம்பு, உதகைக்கு வந்ததும் 22-இல் நின்றுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். உதகையில் காற்றின் மொத்த அழுத்தமே 22.8 அங்குலம். இல்லாத காற்றை எந்தப் பம்பும் இழுக்க முடியாது.

கேரட் வயல்களுக்கு ஓடையிலிருந்து நீர் இறைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பு உறிஞ்சும்போது நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது தாங்கும் நீர்மட்டத்தின் உயரம் 10.3 மீட்டர், உதகையில் 7.9 மீட்டர். குறைவு 2.4 மீட்டர், ஏறக்குறைய எட்டு அடி. விலைப்பட்டியலில் 25 அடி உறிஞ்சும் என்று போட்டிருந்தால் இங்கே 17 அடிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மீறினால் பம்புக்குள் சரளைக்கல் உருளுவது போன்ற சத்தம் வரும். சில மாதங்களில், பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அரிக்கப்பட்டுவிடும். பம்போ கேஜோ ஆர்டர் செய்யும்போது அழுத்தத்தின் அலகையும், அது கேஜ் அழுத்தமா முழு அழுத்தமா என்பதையும், பொருத்தப்போகும் இடத்தின் உயரத்தையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.