மல்லிச் செடிக்கு டி.ஏ.பி. போடுவதை நிறுத்துங்கள்

பங்குனி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அதே படம் வந்துவிடும். மொட்டை மாடியில் ஒரு தொட்டி, அதில் ஆளுயரம் கொடியோடிய குண்டு மல்லி, பூ ஒன்றுகூட இல்லை. கூடவே ஒரு கேள்வி: "வாரம் ஒரு பிடி டி.ஏ.பி. போடுறேன், ஏன் பூக்கல?" இந்த வாரம் வந்த படத்தில் இலை விளிம்பெல்லாம் கருகியிருந்தது. பூக்காமல் இருந்த செடி இப்போது சாகக் கிடக்கிறது.

டி.ஏ.பி. என்ன, பூ வரவழைக்கும் மந்திரமா? டை அம்மோனியம் பாஸ்பேட் என்ற அந்த உரத்தில் இருப்பது 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). சாம்பல்சத்து (பொட்டாசியம்) துளியும் கிடையாது. தோட்டத்தில் ஒரு மல்லிச் செடிக்கு வருடம் முழுவதற்கும் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மணிச்சத்து 120 கிராம். அதையும் இரண்டு தவணையாகத்தான் போடுவார்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். வாரம் ஒரு பிடி போட்டால் ஆறே வாரத்தில் அந்த வருடக் கணக்கைத் தாண்டிவிடுகிறீர்கள், அதுவும் வேர் ஓட இடமில்லாத தொட்டியில். தழைச்சத்து அதிகமாகக் கிடைத்த மல்லி கொடியாக ஓடும், மொட்டு வைக்காது. தேங்கும் மணிச்சத்தோ இரும்பை எடுக்கவிடாது. இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து 'சத்து பத்தல' என்று இன்னொரு பிடி!

சென்னையில் இதற்கு மேல் போர் தண்ணீர் வேறு. அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகி, இருக்கிற இரும்பும் வேருக்கு எட்டாமல் போய்விடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் உரத்தை உடனே நிறுத்துங்கள். மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ கொண்டு, அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை இரண்டு மூன்று முறை மண்ணைக் கழுவி விடுங்கள். ஒரு வாரம் கழித்து, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து வடிகட்டி, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, கீழே பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். முட்டை ஓடு வேண்டாம். சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம்.

பிறகு எதனால்தான் பூக்கும்? கத்தரியால். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கொடியில் வைக்காது. விவசாயிகள் தண்ணீரைக் குறைத்துச் செடியை வாடவிட்டு, நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டுவார்கள். முல்லை என்றால் ஜனவரி கடைசி, 45 செ.மீ. நம் ஊரில் நவம்பர் அடைமழை, வெட்டின இடம் அழுகும். அதனால் வீட்டில் மழை விட்டபின், மார்கழியில் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, மெலிந்த கொடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கெட்டியான நாலைந்து தண்டை மட்டும் விடுங்கள். அப்போதுதான் தொழுவுரம் இரண்டு பிடி, வேப்பம்புண்ணாக்கு ஒரு பிடி. வெட்ட மனசு வரவில்லை என்பார்கள். வெட்டாத செடிக்கு எத்தனை உரம் போட்டும் பயனில்லை, தயவுசெய்து மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் வெட்டவில்லையா? இப்போது அடியோடு வெட்டாதீர்கள், வெயில் தாங்காது. நீண்ட கொடிகளின் நுனியை மட்டும் ஒரு சாண் கிள்ளிவிடுங்கள், பக்கத் துளிர் வரும். பூத்து ஓய்ந்த கிளையையும் அப்படியே, இரண்டு ஜோடி இலை தள்ளி. நேரடி வெயில் ஐந்தாறு மணி நேரம் விழாத பால்கனியில் மல்லி பூக்காது. அங்கே குரோட்டன்ஸ் வையுங்கள்.

மொட்டு ஊதா நிறமாகி, காம்பு வீங்கி, விரியாமல் காய்கிறது என்றால் அது மொட்டு ஈ. அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். எனவே அந்த மொட்டுகளைப் பறித்துத் தொட்டிக்குள்ளேயே போடாதீர்கள், பாலித்தீன் பையில் கட்டி எறியுங்கள். மேல் மண்ணை ஒரு அங்குலம் கிளறி வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுங்கள். மொட்டில் ஓட்டை போட்டு உள்ளே தின்னும் பச்சைப் புழுவுக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல், சாயங்காலம், பத்து நாளுக்கு ஒருமுறை. இலை அடியில் செஞ்சிலந்திப் பேன் நூலாம்படை போலக் கட்டினால் குழாய்த் தண்ணீரை வேகமாக இலை அடியில் பீய்ச்சுங்கள், பெரும்பாலும் போதும்.

இதற்குப் பொறுமையில்லாமல் கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் பூச்சி மருந்தை வாங்கி அடிக்கிறார்கள். உண்மையாகவே பதறுவது இங்கேதான். லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முறையான புட்டியில் நச்சின் அளவைக் காட்டும் முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. இமிடாகுளோபிரிட் மாதிரி ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடு ஏறி மொட்டுக்குள்ளும் போய்விடும், கழுவினால் போகாது. அந்தப் பூவைத்தான் தொடுத்துக் குழந்தை தலையில் வைக்கிறோம். பால் கட்டிக்கொண்ட தாயின் மார்பிலும் இதே மல்லியை வைத்துக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு.

ஏற்கெனவே இலையில் அடித்துவிட்டீர்கள் என்றால், இப்போது செடியிலிருக்கும் மொட்டு முழுவதையும் கையுறை போட்டுக் கிள்ளி எறியுங்கள். மண்ணில் ஊற்றியிருந்தால் இந்தப் பருவம் முழுக்க அந்தச் செடிப் பூ தலைக்கும் வேண்டாம், மார்புக்கும் வேண்டாம். மீதி மருந்தை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், காலி பாட்டிலில் மறுபடி தண்ணீர் பிடிக்காதீர்கள். அந்த பாட்டிலை இன்றைக்கே குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.