அமிலாய்டு: அமிலமும் அன்று, மாவும் அன்று

மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல்கள் மரத்துப்போகிறவர்களுக்குச் செய்யும் அறுவை மருத்துவத்தைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில், அப்போது எடுக்கும் திசுத் துணுக்கில் ‘அமிலப்படிவு நோய்’ தெரியவரலாம் என்ற தொடரை மீண்டும் மீண்டும் படிக்க நேர்கிறது. தவறாக மடிந்த புரதம் உறுப்புகளில் படியும் அமிலாய்டோசிஸ் என்னும் நோய்க்கு இப்பெயரை இட்டவர் ஒலியை மட்டுமே கேட்டிருக்கிறார்.

அமிலம் வடமொழி அம்லத்தின் வழியே வந்து புளிப்பைக் குறிப்பது. அமிலாய்டு, மாவுச்சத்தைக் குறிக்கும் கிரேக்க ‘அமிலோன்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ‘மாவுச்சத்தை ஒத்தது’ என்பது பொருள். 1854-இல் செருமானிய நோயியலாளர் ருடால்ப் விர்சோ, திசுவில் இருந்த படிவு அயோடின் பட்டதும் மாவுச்சத்தைப் போல நிறம் மாறக் கண்டு இப்பெயரைச் சூட்டினார். 1859-இல் மருத்துவர் பிரீட்ரைக்கும் வேதியியலாளர் கெக்குலேயும் அது புரதத்தன்மை உடையது என்று காட்டினர், பெயர் நிலைத்துவிட்டது.

‘அமிலப்படிவு’ வெறும் எழுத்துப் பிழையாக நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். யூரிக் அமிலத்தின் உப்பு மூட்டுகளில் படிகமாகத் தங்குவது கௌட் என்னும் வேறொரு நோய். அதுவும் கையைத் தாக்கக்கூடியது என்பதால், ‘அமிலப்படிவு’ என்று படிப்பவர் இறைச்சியைக் குறைக்கத் தொடங்குவார், அல்லது நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தேடுவார். தூயதமிழ் ஆர்வத்தில் ‘மாப்பொருள் படிவு நோய்’ என்று எழுதுவோரும் உதவவில்லை. அவர்கள் விர்சோவின் தவறான ஊகத்தைத் தமிழில் நிலைநிறுத்துகிறார்கள். அதைக் கேட்ட நோயாளி சோற்றையும் இட்லியையும் ஒதுக்குவார். மூலச்சொல் பிழையான கருத்தில் பிறந்திருக்கும்போது அதன் உறுப்புகளைப் பிரித்துப் பெயர்ப்பது நேர்மையான மொழிபெயர்ப்பு ஆகாது.

நிகழ்வது இதுதான்: கல்லீரலில் பெரும்பாலும் உருவாகும் டிரான்ஸ்தைரெடின் போன்ற ஒரு புரதம், தவறாக மடிந்து நுண்ணிழைகளாகத் திரண்டு இதயத்திலும் நரம்புகளிலும் தசைநாண் உறைகளிலும் படிகிறது. ஆகவே ‘புரத இழைப்படிவு நோய்’ என்பதே பொருந்தும். ‘புரதப்படிவு’ என்று சுருக்கினால் இழையாகாத புரதப் படிவுகளும் அதில் சேர்ந்துவிடும். காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்க்கும்போது தோன்றும் ஆப்பிள் பச்சை நிறமும் அந்த இழையமைப்பின் அடையாளமே.

துல்லியம் வேண்டுவதற்குக் காரணம் உண்டு. இந்நோய் உள்ள பலருக்கு மணிக்கட்டுத் தொல்லை, இதயப் பாதிப்பு வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வருகிறது. 2018-இல் வெளியான, அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனையின் ஆய்வில், இந்த அறுவைக்கு வந்த, 50 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்களும் 60 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்களுமாகிய 98 பேரின் திசுவைச் சோதித்தபோது 10 பேரிடம் இப்படிவு இருந்தது. அவர்களில் இருவருக்கு இதயமும் அப்போதே பாதிக்கப்பட்டிருந்தது.

எந்தப் புரதம் என்று அறிந்தே மருந்து தேர்வாகிறது என்பதாலும் பெயரில் ‘புரதம்’ இருப்பது நல்லது. ஒப்புதல் படிவங்களை மொழிபெயர்ப்போர் ‘பயாப்சி’ என்பதைப் ‘புற்றுநோய்ச் சோதனை’ என்று எழுதுவதையும் கைவிட வேண்டும். ‘திசு ஆய்வு’ என்றால் போதும், கையில் கத்தி படப்போகிறவரை வீணாக அச்சுறுத்த வேண்டாம்.