மொட்டை மாடியில் சோலார்: மானியத்துக்கு முன்னால் பில்லைப் பாருங்கள்

சோலார் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, “மானியம் எவ்வளவு கிடைக்கும்?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன இரண்டு மாத இ.பி. பில்லில் எத்தனை யூனிட்?

சரி, மானியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடி வீடுகளுக்கு என்று மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது பி.எம். சூரிய கர் திட்டம். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். பேனல்களின் திறனில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். பேனலும், அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, அதிகாரிகள் பார்த்த பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆனால் இது ஒரே ஒரு தடவை வருகிற பணம். இருபது, இருபத்தைந்து வருடம் நமக்குச் சம்பாதித்துத் தரப்போவது மீட்டர்.

பேனலில் வெயில் பட்டதும் பிறப்பது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதைத் திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டமாக்கி, தெருக் கம்பியில் வினாடிக்கு 50 முறை மாறிக்கொண்டிருக்கும் கரண்டோடு தாளம் தப்பாமல் சேர்க்கிறது. மதியம் ஒரு மணிக்கு வீட்டில் ஓடுவது ஒரு ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும்தான். மிச்ச மின்சாரம் கம்பி வழியே வெளியே போய்ப் பக்கத்து வீட்டு மிக்சியைச் சுற்றுகிறது. ராத்திரி நமக்கு வேண்டியது அதே கம்பி வழியே உள்ளே வருகிறது. இரு வழி மீட்டர் போனதையும் வந்ததையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். வந்ததில் போனதைக் கழித்து, மீதி யூனிட்டுக்குத்தான் கட்டணம்.

அந்தக் கழித்தலில்தான் விஷயமே இருக்கிறது. தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் படிக்கட்டு அதேதான். இரண்டு மாதத்தில் 620 யூனிட் ஓடும் ஒரு வீடு. முதல் 100 இலவசம்; அடுத்த 300க்கு யூனிட்டுக்கு நாலரை ரூபாய், அதற்கடுத்த நூறு 6 ரூபாய், அப்புறம் ஒரு நூறு 8 ரூபாய், கடைசி 20 யூனிட் 9 ரூபாய். மொத்தம் 2,930 ரூபாய்.

இந்த வீட்டில் ஒரே ஒரு கிலோவாட் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240. பில்லில் மிஞ்சுவது 380 யூனிட். 500க்குக் கீழே வந்துவிட்டதால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டேகால் ரூபாய்தான். பில் 1,035 ரூபாய். கிட்டத்தட்ட 1,900 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்கு ஏறக்குறைய 8 ரூபாய்! மீதி 380 யூனிட்டையும் சோலாரே ஈடுகட்டினால் கூடுதலாக மிஞ்சுவது 1,035 ரூபாய் மட்டுமே. யூனிட்டுக்கு மூன்று ரூபாய்கூட வரவில்லை.

சோலார் படிக்கட்டை மேலிருந்து கீழாகத் தின்கிறது. முதலில் கரைவது விலை அதிகமான யூனிட். அதனால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டுக்காரர் 78,000 ரூபாயை நினைத்து 3 கிலோவாட் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஏ.சி. ஓடி 800, 1,000 யூனிட் தொடும் வீடு என்றால் தயங்கவே வேண்டாம்.

கடைக்கும் கம்பெனிக்கும் இந்த மானியம் கிடையாது. அவர்களுக்கு வழி வருமான வரியில் இருக்கிறது: சோலார் சாதனத்தின் விலையில், முந்தைய ஆண்டுகளில் கழித்தது போக மிஞ்சும் தொகையில், ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தேய்மானமாக லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 180 நாளுக்குக் குறைவாக ஓடிய முதல் ஆண்டில் அதில் பாதி. லாபம் காட்டி வரி கட்டுகிறவருக்குத்தான் இது பயன்படும். இன்னொரு வசதி, ஜவுளிக் கடையோ லேத் பட்டறையோ வெயில் இருக்கும்போதே கரண்டைச் செலவழித்துவிடும். வெளியே போவது குறைவு.

பலர் ஏமாந்துபோகும் ஒரு இடம் உண்டு. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். பழுது இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் சப்ளை நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது, நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால் தெருவில் கரண்ட் இல்லை என்று தெரிந்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்கிறது.

கடைசியாக நிழல். பேனலுக்குள் செல்கள் சரம்போலக் கோர்த்திருப்பதால், ஒரு ஓரத்தில் விழும் நிழல்கூட அந்தச் சரம் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். கையெழுத்துப் போடும் முன் காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எதுவரை வருகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது அந்தக் கோடு இன்னும் நீளும்.