சொல் விளக்கம்: ரே மார்ச்சிங் – கதிர்நடை

மேகம், புகை, மூடுபனி இவற்றுக்கு மேற்பரப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே கணினியில் இவற்றை வரைய, ஒவ்வொரு படப்புள்ளியிலிருந்தும் (பிக்சல்) ஒரு பார்வைக்கதிரை அனுப்புகிறார்கள். அது மேகத்துக்குள் புகுந்ததும் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, அங்கே அடர்த்தி எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கூட்டிக்கொண்டே போகும். இந்த முறைதான் ரே மார்ச்சிங். ரே டிரேசிங் வேறு: அங்கே கதிர் பரப்பில் மோதும் இடம் ஒரே சமன்பாட்டில் கிடைத்துவிடும், வழியில் நிற்க வேண்டியதில்லை.

'ரே' லத்தீன் 'ராடியுஸ்' வழி வந்தது. 'மார்ச்', நடப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு 'மார்ஷே'யிலிருந்து வந்தது. ரோமரின் போர்க்கடவுள் பெயரால் அமைந்த மார்ச் மாதத்துக்கும் இதற்கும் ஒலியில் மட்டுமே உறவு. மேகத்தின் அடர்த்தியைக் கதிர் வழியே கூட்டும் முறையை 1984-இல் கஜியாவும் வான் ஹெர்சனும் வெளியிட்டார்கள். 1989-இல் பெர்லினும் ஹாஃபர்ட்டும் எழுதிய கட்டுரைக்குப் பின் இந்தப் பெயர் பரவியது.

தமிழில் 'கதிர் அணிவகுப்பு' என்று எழுதுவது தவறு. இங்கே அணியும் இல்லை, வகுப்பும் இல்லை. ஒற்றைக் கதிர் தனியாக நடக்கிறது. 'கதிர்நடை' போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையிலான தூரத்துக்கு 'அடி' என்றால் '40 மீட்டர் அடி' என்று குழம்பும். 'படி' மாடிப்படியை நினைவூட்டும். "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா" என்கிறோமே, அந்த 'எட்டு' இங்கே கச்சிதம். எண்களை இலக்கத்தில் எழுதினால் 8 என்ற குழப்பமும் வராது.

எட்டின் நீளம்தான் இந்த முறையின் உயிர். அது மிகவும் படுத்துவது மேலிருந்து பார்க்கும்போதுதான். மேக அடுக்கு 1.5 கி.மீ. முதல் 4 கி.மீ. உயரம் வரை, விமானம் 11 கி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். நேர் கீழே பார்க்கும் கதிர் அடுக்குக்குள் 2.5 கி.மீ. மட்டுமே நடக்கிறது, 64 எட்டு வைத்தால் ஒன்று சுமார் 39 மீட்டர். தொடுவானப் பக்கம், அடுக்கின் அடிப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் உரசிப் போகும் கதிருக்கோ பூமியின் வளைவினால் 350 கி.மீ.க்கு மேல் பாதை. அதே 64 எட்டு அங்கே ஒவ்வொன்றும் ஐந்தரை கி.மீ. ஆகிவிடும், முழு மேகத்தையே தாண்டிவிடும்.

39 மீட்டரும் சின்னதல்ல. ஒரு கனமீட்டரில் 0.5 கிராம் நீர், துளி ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றால், ஒளி தேயும் கெழு மீட்டருக்கு 0.075. சராசரியாக 13 மீட்டருக்கு ஒருமுறை ஒளி ஒரு துளியில் மோதுகிறது. 1729-இல் பூகேர் கண்டு, பின்னர் பியர் பெயரில் நிலைத்த விதிப்படி, 40 மீட்டரில் 5 சதவீதமே மிஞ்சும். எனவே ஒவ்வொரு எட்டிலும் ஒளியை வெறுமனே எட்டின் நீளத்தால் பெருக்கக் கூடாது. எட்டின் நீளத்தை மாற்றினால் மேகத்தின் வெளிச்சமே மாறிவிடும். (1 − எட்டைக் கடந்தபின் மிஞ்சும் விகிதம்) ÷ கெழு என்ற காரணியால் பெருக்க வேண்டும்.

நடைமுறையில் வெற்று வெளியில் பெரிய எட்டு வைத்து, அடர்த்தி தட்டுப்பட்டதும் ஒரு எட்டு பின்வாங்கி, சிறிய எட்டாகத் தொடர்வார்கள். மிஞ்சும் ஒளி 1 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கேயே நிறுத்திவிடலாம். மேலிருந்து பார்க்கையில் இது பெரிய மிச்சம், ஏனென்றால் அடர்ந்த உச்சியே கதிரைச் சீக்கிரம் மறித்துவிடும். எல்லாக் கதிரும் ஒரே தொலைவில் நின்றால் மேகத்தில் தட்டுத்தட்டாகக் கோடு விழும். அதைக் கலைக்க முதல் எட்டைப் படப்புள்ளிக்குப் படப்புள்ளி ஒழுங்கின்றித் தள்ளித் தொடங்குவார்கள்.

தரையிலிருந்து பார்ப்பதற்கு எழுதிய நிரலை அப்படியே மேலே கொண்டுபோனால் உடைவது எங்கே? மேக அடுக்கின் அடிப்பரப்பும் மேற்பரப்பும் பூமியைச் சூழ்ந்த இரண்டு கோளங்கள்; அந்த நிரல், கதிர் கீழ்க்கோளத்தில் நுழைந்து மேற்கோளத்தில் வெளியேறும் என்று நம்பியிருக்கும். மேலிருந்து வரிசை தலைகீழ். சாய்வான கதிரோ மேற்கோளத்தில் நுழைந்து, கீழ்க்கோளத்தைத் தொடாமலே மேற்கோளம் வழியே வெளியேறும். இதைத் தனியாகக் கையாளாவிட்டால் தொடுவானத்தை ஒட்டி வெற்று வளையம் தெரியும். கூடவே, பூமியின் ஆரம் 63,71,000 மீட்டரை 32 பிட் எண்ணில் இருமடியாக்கிக் கழிப்பதில் துல்லியம் கரைந்து, அதே பகுதியில் மேக விளிம்பு நடுங்கும். (அ² − ஆ²) என்பதை (அ − ஆ)(அ + ஆ) என்று எழுதி, முதல் அடைப்பை உயரங்களின் வித்தியாசமாகவே கொடுத்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மேகத்துக்கு உருவம் தரும் ஒழுங்கற்ற எண்களின் தொகுப்பை 'இரைச்சல்' என்பார்கள்; ஒரே இரைச்சல் துண்டை ஓடு பதிப்பதுபோல் அடுக்குவதால் வடிவம் திரும்பத் திரும்ப வருவதும் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். கெரில்லா கேம்ஸ் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் 2015-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் விளக்கிய முறையில் அடிப்படை இரைச்சல் 128×128×128 அளவுடையது. கதிருக்கு 64 எட்டு, தொடுவானம் நோக்கி 128 வரை. நூற்றுக்கணக்கான கி.மீ. ஒரே பார்வையில் விரியும்போது அந்த ஓடு பாய்போல் அடுக்கடுக்காகத் தெரியும். எங்கே மேகம், எவ்வளவு என்று சொல்லும் தனி வானிலை வரைபடம் ஓடு அளவைவிடப் பலமடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

நிறத்திலும் ஒரு சிக்கல். வெயில் ஒரே ஒருமுறை சிதறுவதாகக் கணக்கிட்டால் உச்சிகள் அழுக்குச் சாம்பலாகும். உண்மையில் நீர்த்துளி ஒளியை விழுங்குவது மிகக் குறைவு, ஒளி பலமுறை சிதறித்தான் வெள்ளை வருகிறது. ரெனிங்கே குழு 2013-இல் தந்த குறுக்குவழி மலிவானது: அதே கணக்கை, ஒளி தேயும் கெழு, கூட்டப்படும் ஒளியின் பங்கு, ஒளி முன்னோக்கியே சிதறும் சாய்வு மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாதியாக்கி, சில தடவை கூட்டுவது.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது விமான நிழலைச் சுற்றித் தோன்றும் வண்ண வளையம் மட்டும் இதில் வராது. ஒளி எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்று சொல்ல மேகத்துக்குப் பலரும் பயன்படுத்தும் ஹென்யி–கிரீன்ஸ்டைன் வாய்பாடு 1941-இல் விண்மீன்களிடைத் தூசிக்காக எழுதப்பட்டது. வளையத்தை உண்டாக்கும், ஒளி வந்த திசைக்கே திரும்பிச் சிதறும் முகடு அதில் இல்லை. வளையம் வேண்டுமென்றால், உருண்டைத் துளியில் ஒளி சிதறுவதைத் துல்லியமாகக் கணிக்கும் மீ கோட்பாட்டின்படி சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியே கணித்த அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். துளி சிறியதானால் வளையம் பெரிதாகும்.