பன்னிரண்டு புளியங்கொட்டை

பர்மாவின் மோல்மீன் நகரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பர்மியப் பள்ளியில் 'அலி'யை, அதாவது பர்மிய மொழி வாய்ப்பாட்டை, பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாளாம், வீட்டில் தமிழிலும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்கிறாளாம். வகுத்தல் என்றால் மட்டும் முழிக்கிறாள், ஏன்?

பெருக்கல் தெரிந்த விஷயம்தான், ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது. வகுத்தலில்தான் இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

பன்னிரண்டு புளியங்கொட்டையை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு போடச் சொன்னால், கை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே போகும். அதே பன்னிரண்டை மும்மூன்றாகப் பிரித்தால் எத்தனை குவியல் என்று கேட்டால், மூன்றை அள்ளி ஒரு பக்கம், அடுத்த மூன்றை இன்னொரு பக்கம். முதலாவதில் விடை ஆளுக்கு நாலு கொட்டை. இரண்டாவதில் நாலு குவியல். கையின் வேலை வேறு, விடையின் பொருளும் வேறு, எண் மட்டும் எப்படி ஒன்று? பெரியவர்களைக் கேட்டாலும் "அது அப்படித்தான்" என்பார்கள்.

இங்கே ரங்கூனில் எங்கள் கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதை வாயால் விளக்குவதை நான் விட்டுவிட்டேன். பங்கு போடும் பிள்ளையை ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்தச் சொல்வேன். குவியலிலிருந்து எத்தனை போயிருக்கிறது? மூன்று, ஆளுக்கு ஒன்று. அடுத்த சுற்றில் இன்னொரு மூன்று. அட, பங்கு போடுவதும் மும்மூன்றாக அள்ளுவதுதானே! அள்ளியதைக் குவித்து வைக்காமல் ஆளுக்கொன்றாகப் பரப்புகிறோம், அவ்வளவுதான். எத்தனை சுற்றோ, அத்தனை கொட்டை ஒவ்வொருவர் முன்னாலும் சேரும். சுற்றுக்கு ஒரு வரிசையாக வைத்தால் மூன்று மூன்றாக நாலு வரிசை. அப்படியே எழுந்து பக்கவாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால் நாலு நாலாக மூன்று வரிசை. மூன்று நாலும் நாலு மூன்றும் ஒன்று என்று வாய்ப்பாட்டில் உருப்போட்டது இதைத்தான். பதின்மூன்று கொட்டை கொடுத்தால் கடைசிச் சுற்று பாதியில் நின்றுவிடும். மீதி ஒன்று.

அந்த அம்மா இன்னொன்றும் எழுதியிருந்தார். மகளின் பிறந்த எண்ணுக்குக் கணக்கு வராது என்று ஒரு சோதிடர் சொன்னாராம். எண் ராசி படுத்தும் பாட்டை இந்த நாட்டில் இருந்துகொண்டு தனியாகச் சொல்ல வேண்டுமா? 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கிவிட்டு 45, 90 என்று புது நோட்டு அடித்தார்கள். இரண்டும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வருபவை. ஒன்பதின் ராசிக்காகத்தான் என்று அன்றிலிருந்து ஊரே பேசுகிறது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களையும், 45-க்குச் சில்லறை எண்ணி மாரடித்த கடைக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். சோதிடருக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு படி புளியங்கொட்டை வாங்கலாம்.

போன வாரம் ஒரு பொடியன் கேட்டான்: "சயா (வாத்தியாரே), ஒருத்தருமே வரலைன்னா? பூஜ்யம் பேருக்குப் பங்கு?"

செய்து பார் என்றேன். வெறுங்கையைக் குவியலுக்கு மேல் கொண்டுபோனான், எதையும் எடுக்காமல் திரும்பினான். ஒரு சுற்று என்றான். இரண்டு. மூன்று. பன்னிரண்டும் அப்படியே கிடந்தன. இருபதாவது சுற்றில் பக்கத்திலிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தான்.